கண்ணாடியில் இல்லாத நூல்

இப்போதெல்லாம் யாரும் எதையும் பார்ப்பதில்லை. எங்கள் கடைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்க வருகிறவர்களைச் சொல்கிறேன். வந்ததும் தலையைக் கோதுகிறார்கள், பல்லைக் காட்டுகிறார்கள், போனை நீட்டி ஒரு படம் பிடிக்கிறார்கள், கட்டிக் கொடுங்கள் என்கிறார்கள். தன் மூஞ்சியைப் பார்த்தார்கள், சரி. கண்ணாடியை எங்கே பார்த்தார்கள்? ஓரத்தில் பின்பக்கத்து ரசப் பூச்சு போயிருக்கிறதா, நடுவில் அலை இருக்கிறதா, ஒன்றும் கிடையாது. வீட்டில் மாட்டிய பிறகு மூக்கு கோணலாகத் தெரிகிறதென்று திரும்பி வருவார்கள். மூக்கே கோணலாக இருந்தால் நான் என்ன செய்ய?

நான் பார்க்கிறவன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் பள்ளிக்கூடம் போனேன். மீதியெல்லாம் கண்ணால் கற்றது. கண்ணாடி வெட்டுவது என் தொழில். கடையை இப்போது மகளின் வீட்டுக்காரர் நடத்துகிறார். போன் பேசுவது, பில் போடுவது, வருகிறவர்களிடம் இளிப்பது எல்லாம் மாப்பிள்ளை. வெட்டுவதும் வந்த சரக்கைச் சோதிப்பதும் நான். அதில் அவர் தலையிட மாட்டார்.

சோதிப்பதற்கு எங்கள் கடையில் ஒரு முறை இருக்கிறது. லோடு வந்தால் ஒவ்வொரு ஷீட்டையும் வாசல் வெளிச்சத்துக்கு எதிரே மரச் சட்டத்தில் சாய்த்து நிறுத்த வேண்டும். குமிழியோ கீறலோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். குறி விழுந்த ஷீட் அதே வண்டியில் திரும்பிப் போய்விடும். மறுபேச்சு கிடையாது.

அன்றைக்கு வந்த லோடில் முதல் ஷீட்டிலேயே ஒரு நூல் தெரிந்தது. கறுப்பு நூல், தையல்காரன் வெட்டிப் போட்ட துண்டு மாதிரி சுருண்டிருந்தது. துடைத்தேன், போகவில்லை. மறுபக்கம் துடைத்தேன், அப்போதும் போகவில்லை.

"நெட்டை, இத இறக்காத. உள்ள நூல் ஓடுது" என்றேன்.

நெட்டை என்பது லோடு வண்டி ஓட்டுகிறவன். வாசலில் குனியாமல் நுழைந்தால் நெற்றி இடிக்கும், அவ்வளவு உயரம்.

"கண்ணாடிக்குள்ள நூலா? நான் என்ன தறியில இருந்தா ஏத்திட்டு வர்றேன், பெரியவரே?"

"வாயை மூடிட்டு வந்து பாரு."

குனிந்து பார்த்தான். "ஒண்ணுமில்லையே."

"உனக்கு வண்டி முன்னாடி எருமை நின்னாலே தெரியாது."

குறி போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் நூல் குறிக்குப் பக்கத்தில் இருந்தது. சரி, இரண்டு நூல் என்று அதற்கும் ஒரு குறி போட்டேன். அதற்கும் பக்கத்தில் ஒன்று. ஷீட்டைத் தலைகீழாக நிறுத்தச் சொன்னேன். ஷீட்டைத் திருப்பினால் அதிலிருக்கிற குறையும் கூடவே திரும்ப வேண்டும், இது தொழிலில் முதல் பாடம். மேலே இருந்த நூல் கீழே போயிருக்க வேண்டும். போகவில்லை, மேலேயே இருந்தது. அப்படியானால் மேலேயும் கீழேயும் நூல் என்று முடிவு செய்தேன். அடுத்த ஷீட்டிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும்.

"பெரியவரே, நான் கொண்டு வந்தது கண்ணாடியா, குறுக்கெழுத்துப் போட்டியா?" என்றான் நெட்டை.

மாப்பிள்ளை வெளியே வந்து பார்த்தார். "மாமா, எனக்கு எதுவும் தெரியலையே."

"தெரிஞ்சிருந்தா நீங்கதான் சோதிச்சிட்டு இருந்திருப்பீங்க."

மொத்த லோடும் திரும்பிப் போனது. நான் டீயை எடுத்துக்கொண்டு வெள்ளைச் சுவர் ஓரம் உட்கார்ந்தேன். சுவரில் அந்த நூல் மிதந்துகொண்டிருந்தது.

டீயைக் கீழே வைத்துவிட்டேன். இடது கண்ணை மூடினால் நூல் இருந்தது. வலது கண்ணை மூடினால் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. லோடு போயாயிற்று, இனி சொல்லி என்ன?

ஆனால் அதன் போக்கு என்னை விடவில்லை. அதை நேராகப் பார்க்கப் போனால் நழுவும். பார்க்காத மாதிரி இருந்தால் பக்கத்தில் வந்து நிற்கும். கண்ணை மேலே தூக்கினால் கொஞ்சம் தாமதமாக அதுவும் ஏறும். கண்ணை நிறுத்தினால் உடனே நிற்காது, டம்ளரை ஆட்டி வைத்த பிறகும் சுற்றுகிற டீத்தூள் மாதிரி இன்னும் கொஞ்சம் வழுக்கிப் போய்த்தான் நிற்கும். வெயிலில் அழுத்தமாகத் தெரியும், நிழலில் மங்கும். மல்லாந்து படுத்தால் நடுவுக்கு வந்துவிடும். அப்படியானால் உள்ளே ஏதோ தண்ணீர் மாதிரி இருக்கிறது, இது அதில் மிதக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

"உன் மூக்குல ஒரு நூல் தொங்குது" என்று வீட்டுக்காரியிடம் சொல்லிப் பார்த்தேன்.

துடைத்துக்கொண்டாள். "போச்சா?"

"இப்ப காதுக்குப் போயிடுச்சு."

"உங்க புத்திதான் எங்கேயோ போயிடுச்சு" என்றவள், அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "என்ன ஆச்சு கண்ணுக்கு? உண்மையைச் சொல்லுங்க."

மிளகைத் தூவினது மாதிரி புள்ளிகளும் சேர்ந்திருந்ததால் சொன்னேன். சொன்னது தப்பு. மறுநாளே மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்னைக் கண் ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டாள்.

அங்கே முதல் வேலையாகச் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து, நன்றாக இருந்த பார்வையையும் மங்க வைத்தார்கள். பிறகு எழுத்து தெரிகிறதா என்று கேட்டால் எப்படித் தெரியும்? டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட வயது குறைவு. நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார், அது ஒன்று பிடித்தது.

"உங்களுக்குச் சர்க்கரை ரொம்ப வருஷமா இருக்காங்கய்யா?"

"எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. ரத்தத்துல இருக்குன்னு சொல்றாங்க."

"மாத்திரை?"

"டப்பாவுல பத்திரமா இருக்கு டாக்டர்" என்றாள் வீட்டுக்காரி. "இவர் வயித்துக்குள்ளதான் போக மாட்டேங்குது."

"உடம்பு நல்லா இருக்குறப்ப எதுக்குடி மாத்திரை?"

டாக்டரம்மா சண்டையில் கலந்துகொள்ளவில்லை. ஒரு கருவியில் முகவாயை வைக்கச் சொன்னார். பளிச்சென்று ஒரு வெளிச்சம். பிறகு திரையில் ஆரஞ்சு நிறத்தில் வட்டமாக ஒன்று வந்தது. அதில் சிவப்புக் கோடுகள், அங்கங்கே சிவப்புப் புள்ளி, மஞ்சள் திட்டு, ஓரிடத்தில் முடிச்சு விழுந்த சிக்கல்.

"இதுதான் உங்க வலது கண்ணோட பின்பக்கம்."

"என் கண்ணுதானா? வர்றவங்க எல்லாருக்கும் காட்டுற படமா?"

"மாமா!" என்றார் மாப்பிள்ளை.

"என்ன மாமா? ஷீட் வாங்குறப்ப ரெண்டைப் பக்கத்துல வெச்சுத்தானே பாக்குறோம்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு என் வீட்டுக்காரியையும் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தார். அவளுடையது சுத்தமாக இருந்தது. கோடுகள் மரக்கிளை மாதிரி ஒழுங்காகப் பிரிந்து போயின. புள்ளி இல்லை, திட்டு இல்லை.

"பாத்தீங்களா, என் கண்ணு சுத்தம்" என்றாள்.

"கண்ணு சுத்தம்தான். வாயைப் படம் எடுக்கச் சொல்லு, தெரியும்."

ஆனால் நான் அந்த இரண்டு படத்தையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டரம்மா விரலால் காட்டிச் சொன்னார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் வருஷக்கணக்கில் ஓடினால் இந்த மெல்லிய ரத்தக்குழாய்கள் நைந்து கசியும். ரத்தம் போதாத இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை நோஞ்சான்கள், லேசில் உடையும். உடைந்தால் கண்ணுக்குள் இருக்கிற ஜெல்லியில் ரத்தம் இறங்கும்.

"அந்த ரத்தத் துணுக்குதான் மிதக்குது. நீங்க பாக்குறது அதைக்கூட இல்லீங்கய்யா. அதோட நிழலை."

நிழலா! சுவரில் தெரிந்ததும் வெயிலில் அழுத்தமானதும் அதனால்தான். அந்த ஒரு சொல்லுக்காக டாக்டரம்மாவை மதித்தேன்.

"ரெண்டு கண்ணுலயும் லேசர் வெளிச்சத்தால சின்னச் சின்னதா சூடு வைக்கணும். தள்ளிப் போடாதீங்க. பெரிசா ரத்தம் கசிஞ்சா பார்வை போயிடும். அதுக்கப்புறம் எவ்வளவு திரும்பும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை.

காரணம் இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி முன்பக்கம் கெடாது, பின்பக்கம்தான் ரசம் போகும். ஓரத்தில் புள்ளி விழும், திட்டுத் திட்டாகப் பரவும். அந்தப் படம் அச்சாக அப்படித்தான் இருந்தது. ஆனால் ரசம் போவது ஈரத்தால். குளியலறையில் மாட்டினால் சீக்கிரம் போகும். சர்க்கரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதுவுமில்லாமல், ரசம் போன இடத்தில் யாராவது சூடு வைப்பார்களா? வீட்டுக்காரி தினம் நச்சரித்தாள். லோடு இருக்கிறது, வெட்டு இருக்கிறது என்று நாளைக் கடத்தினேன்.

ஒரு நாள் முற்பகல். ஜன்னல் ஒன்றுக்கு வெட்ட வேண்டும். மேஜையில் ஷீட்டைப் போட்டு, அளவுகோலை வைத்து, சின்னச் சக்கரம் வைத்த கட்டரை எண்ணெயில் தொட்டு எடுத்துக் குனிந்தேன். தண்ணீரில் மைக்கூடு கவிழ்ந்தால் எப்படி இருக்கும்? கறுப்பு இழை ஒன்று இறங்கி, விரிந்து, புகையாகி, வலது கண்ணை முழுவதும் மூடிக்கொண்டது. வலியில்லை, சத்தமில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு சாமான் உடைந்தால் சத்தம் வர வேண்டாமா?

இடது கண் இருக்கிறதே என்று கட்டரை வைத்து இழுத்தேன். சக்கரம் கண்ணாடியில் ஓடுகிற கிரீச் வரவில்லை. மேஜை மரத்தில் இழுத்திருந்தேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. ஷீட்டின் விளிம்பு ஒரு விரல்கடை தள்ளி இருந்தது. மறுபடி வைத்தேன். இந்தத் தடவை அளவுகோலைத் தாண்டி என் கட்டை விரலிலேயே.

மாப்பிள்ளை ஓடி வந்து துணியைச் சுற்றினார். பிறகு கையை நீட்டினார். "மாமா, கட்டரைக் கொடுங்க."

"எதுக்கு?"

"கொடுங்க மாமா."

இத்தனை காலத்தில் என் கட்டரை யாரும் கேட்டதில்லை. கொடுத்தேன். இது கையில் திரும்பி வருமா வராதா என்ற ஒரு கேள்வியைத் தவிர அதன் பிறகு எனக்கு வேறு யோசனை இல்லை.

ஆஸ்பத்திரியில் போய் நின்றபோது, நான்தான் சொன்னேனே என்று டாக்டரம்மா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். ரத்தம் தானாக வடிகிறதா என்று சில வாரம் பார்த்தார். வடியவில்லை. பின்னால் ஒரு சவ்வு வேறு விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது, ஆபரேஷன்தான் வழி என்றார்.

"என்ன பண்ணுவீங்க?"

"ரத்தம் கலந்த ஜெல்லிய வெட்டி எடுத்துட்டு, சவ்வை உரிச்சிட்டு, உள்ள லேசர் வெச்சிடுவோம்."

"ஜெல்லிய எடுத்துட்டா கண்ணு காத்துப் போன டியூப் மாதிரி ஆயிடாதா?"

"அதுக்குத்தான் உள்ள வாயு நிரப்புவோம். அது கொஞ்சம் கொஞ்சமா கரையக் கரைய உங்க உடம்பே தண்ணி ஊறவெச்சு நிரப்பிக்கும். வாயு இருக்கிற வரைக்கும் விமானத்துல ஏறக் கூடாது."

"நான் ஏணியிலயே ஏறுறதில்லைம்மா."

கண்ணை மரத்துப்போக வைத்துத்தான் செய்தார்கள், நான் விழித்தே இருந்தேன். பழுப்புப் புகைக்குள் ஒரு கம்பியின் நிழல் வந்தது, மீன் தொட்டியில் யாரோ துழாவுகிற மாதிரி. கம்பி போன இடமெல்லாம் வெளுத்துக்கொண்டே போனது.

"அது என்ன கம்பிம்மா, நுனியில கத்தி இருக்கா?"

"பேசாதீங்கய்யா, தலை ஆடும். அப்புறம் சொல்றேன்."

அப்புறம் சொன்னார். வெட்டவும் வெட்டும், உறிஞ்சவும் உறிஞ்சுமாம், பேனா ரீஃபிலைவிட மெல்லிசாம். அப்படி ஒரு கட்டர் நான் கேள்விப்பட்டதில்லை.

அதன் பிறகுதான் தண்டனை. பகலும் இரவும் முகத்தைக் குப்புறவே வைத்திருக்க வேண்டும். வாயு மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்குமாம். தலையணையில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தரையைப் பார்த்துக் கிடந்தேன். வருகிறவர்களைக் காலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படிக் குனிஞ்சதில்லை" என்றது வீட்டுக்காரியின் கால். கையில் மாத்திரையும் தண்ணீரும் இருந்தன. குனிந்து கிடப்பவன் மறுக்க முடியாது. விழுங்கினேன்.

நிமிரலாம் என்று சொன்ன நாளில் ஒரு வேடிக்கை தெரிந்தது. வலது கண்ணில் மேலே கொஞ்சம் வெளிச்சம், கீழே கலங்கல், நடுவில் ஒரு கோடு. கீழே தெரிந்ததுதான் அந்த வாயு, கண்ணுக்குள் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியுமாம். தலையை இடது பக்கம் சாய்த்தேன். கோடு சாயவில்லை. வலது பக்கம் சாய்த்தேன், அப்போதும் சாயவில்லை. தண்ணீர் மட்டம் மாதிரி படுக்கையாகவே நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கிற ரசமட்டத்தைக் கண்ணுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்!

நாள் போகப் போகக் கோடு இறங்கியது, மேலே வெளிச்சம் கூடியது. நான் வீட்டில் இருந்ததையெல்லாம் அந்தக் கோட்டை வைத்து அளந்தேன். அலமாரி சரி. ஜன்னல் சரி. கூடத்தில் நானே மாட்டிய பெரிய கண்ணாடி மட்டும் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது.

"மாப்பிள்ளை, என் ரசமட்டத்தை எடுத்துட்டு வாங்க."

வைத்துப் பார்த்தார். "சரியா இருக்கு மாமா."

"திருப்பிப் போட்டுப் பாருங்க."

ரசமட்டத்தின் மேலேயே சந்தேகம் என்றால் அதை முன்பின்னாகத் திருப்பி வைக்க வேண்டும். குமிழி அதே இடத்தில் நின்றால் அது பொய் சொல்லவில்லை. திருப்பி வைத்தார், அதே இடத்தில்தான் நின்றது. கண்ணாடி சரி, ரசமட்டம் சரி. அப்படியானால் கோணல் எதில்? கண்ணைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பிப் போட்டுப் பார்க்க முடியுமா? வெகுநேரம் அந்தக் கண்ணாடிக்கு எதிரே நின்றேன்.

சில நாள் கழித்துக் கடைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாரம் தூக்கக் கூடாது, கட்டர் இன்னும் மாப்பிள்ளையிடம்தான். நெட்டை லோடு கொண்டு வந்தான்.

"வாங்க பெரியவரே, கட்டம் போடலாமா?"

ஷீட்டை நிறுத்தினான். வலது கண்ணில் இன்னும் கலங்கல், அதனால் இடது கண்ணால் பார்த்தேன். நூல் இல்லை, அலை இல்லை, குமிழி இல்லை. "இப்பதான் ஒழுங்கான சரக்கு கொண்டு வந்திருக்க" என்றேன்.

நெட்டை மாப்பிள்ளையைப் பார்த்தான். மாப்பிள்ளை எதையோ தேடுகிறவர் மாதிரி உள்ளே போய்விட்டார். ஓரத்துக்கு வந்து குனிந்தேன். கீழ் மூலையில், துடைத்தும் போகாமல், மங்கலாக ஒரு பெருக்கல் குறி. ஒரு கோட்டைக் கொஞ்சம் நீட்டிப் போடுவது என் கை. நான் திருப்பி அனுப்பிய அதே ஷீட்.

நெட்டை குனிந்து கயிற்றைச் சுருட்டினான். அவன் கிண்டல் செய்யாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். வீட்டுக்காரி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

டாக்டரம்மா வலது கண்ணைச் சோதித்தார். சவ்வு இழுத்த இடம் ஒட்டிக்கொண்டது என்றார். எழுத்து அட்டையில் மேலே மூன்று வரி படித்தேன்.

"வாயு முழுசா கரைஞ்சதும் இன்னும் கொஞ்சம் தெளியும். பழையபடி அவ்வளவும் வராது. கண்ணாடி வெட்டுற அளவுக்கு வரும்னுதான் நினைக்கிறேன். இடது கண்ணுக்கு லேசர்?"

"அது நல்லாத்தானே தெரியுது?"

"வலது கண்ணும் நல்லாத்தான் தெரிஞ்சுது."

"வெச்சா என்ன கெடும்? அதைச் சொல்லுங்க."

"இருட்டுல பார்வை கொஞ்சம் குறையலாம். ஓரப் பார்வையும் கொஞ்சம். நடுப்பார்வையைக் காப்பாத்த ஓரத்தைக் கொடுக்குறோம்."

குறையையும் சொல்லி விற்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. முகவாயை வைத்தேன். பச்சை மின்னல் அடித்துக்கொண்டே இருந்தது. சில இடத்தில் ஊசி குத்தியது, சில இடத்தில் ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டேன், அடியில் நரம்பு ஓடுகிற இடத்தில் வலிக்கும் என்றார். அப்படியானால் நரம்பு எங்கெங்கே ஓடுகிறதென்று எனக்கு இப்போது தெரியும்.

முடிந்ததும் எழுந்து நின்றேன். "ஒரு சந்தேகம் டாக்டரம்மா. இனிமே இந்தக் கண்ணு கெடலைன்னா, லேசர் வெச்சதாலன்னு நீங்க சொல்வீங்க. வைக்காட்டியும் கெட்டிருக்காதுன்னு நான் சொல்வேன். எதை வெச்சு முடிவு பண்றது? இருக்கறது ஒரு இடது கண்ணுதானே?"

"அதுக்குத்தான் நேரத்துக்கு வைக்காம விட்ட வலது கண்ணு ஒண்ணு இருக்கேங்கய்யா" என்றார்.

மாப்பிள்ளை சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"ரெண்டும் ஒரே லோடுன்னு யார் சொன்னது? அது வேற ஷீட், இது வேற ஷீட்" என்றேன்.

"சர்க்கரை ரெண்டுக்கும் ஒண்ணுதான். மாத்திரையை விடாதீங்க. வலது கண்ணைக் காப்பாத்தினது லேசர் மட்டும் இல்லை."

"மாத்திரையைப் போடுறேன். வீட்டுல விட மாட்டேங்குறாங்க. நம்பிப் போடுறதா நினைச்சுக்காதீங்க."

வெளியே வந்தோம். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து கட்டரை எடுத்து என் கையில் வைத்தார். "சின்னத் துண்டுலதான் மாமா முதல்ல."

"எது சின்னதுன்னு நான் பாத்துக்கறேன்."

"இப்பவாவது நம்புறீங்களா?" என்றாள் வீட்டுக்காரி. "சர்க்கரைதான்னு?"

"கண்ணாடி ஈரத்துல கெடும்டி. சர்க்கரையில கெட்டு நான் பாத்ததில்லை."

"பாத்ததே இல்லையாம்! பாக்குறதுக்குக் கண்ணு வேணுமில்ல?"

வெயிலில் இறங்கி நடந்தேன். வலது கண் பார்வையின் அடியில் மீதியிருந்த வாயு பட்டாணி அளவுக்குச் சுருங்கி, நான் வைக்கிற ஒவ்வோர் அடிக்கும் குதித்துக்கொண்டே வந்தது. தெருவோரக் கட்டிடத்தில் புதிதாகக் கண்ணாடிக் கதவு மாட்டியிருந்தார்கள். நின்று, தலையைச் சாய்த்து, முதலில் ஒரு கண்ணால், பிறகு மறு கண்ணால் பார்த்தேன். அலை இருந்தது. யார் மாட்டினார்களோ, ஒருத்தரும் பார்க்கவில்லை. மேலே நடந்தேன்.